பெயரில்லாத சீட்டு

மூன்று சனிக்கிழமைகளாக ஏர்னா மகளோடு குளிக்கப் போகவில்லை.

சனிக்கிழமை மாலையானால், கிர்கிஸ் மலையடிவாரத்தில் ஜெர்மன் வம்சத்தார் குடியேறிய அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுத் தோட்டத்தின் கோடியிலும் குளியல் வீட்டுப் புகை கிளம்பிவிடும். கல்லடுப்பு பழுக்கக் காய்ந்திருக்கும். ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் ஆவி சீறிக்கொண்டு எழும். முதலில் ஆண்கள், அப்புறம் பெண்கள். ரெகினா நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அம்மாவோடுதான் பலகையில் உட்கார்ந்து வேர்ப்பாள். ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துவிட்டு, முகம் சிவக்க வெளியே வந்து பாதாமிப் பழ ஜாம் போட்டுத் தேநீர் குடிப்பார்கள். இன்னும் ஐந்து வாரத்தில் கல்யாணமாகி மலைக்கு அப்பால் தலாஸ் பக்கம் போகப்போகிற பெண். மிச்சமிருக்கிற சனிக்கிழமைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படியிருந்தும் ஏர்னா நழுவிக்கொண்டே இருந்தாள். முதல் வாரம் தக்காளி ஜாடிகளை மூட வேண்டும் என்றாள். இரண்டாவது வாரம் தலைவலி. இந்த வாரம் காரணம்கூடத் தோன்றவில்லை. நீ போய்க் குளி, நான் கடைசியில் குளித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

"அதுக்குள்ள சூடெல்லாம் போயிருக்கும்மா," என்றாள் ரெகினா.

"எனக்கு இப்பல்லாம் சூடு தாங்கல."

"வயசாயிடுச்சுன்னு நீயே ஒத்துக்கிற. அப்பாகிட்ட சொல்றேன், இனிமே உன்னைக் கிண்டல் பண்ண அவருக்கு விஷயத்துக்குப் பஞ்சமே இருக்காது."

ஏர்னா சிரித்துவைத்தாள். மகள் ஈரத் தலையில் துண்டோடு வீட்டுக்குள் போனபிறகு, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, ஆறிப்போன கல்லின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கை தானாகப் போயிற்று. இடது மார்பில், அக்குளை ஒட்டிய பக்கம். போன வாரம் இருந்த இடத்திலேயே இருந்தது. பாதாமிக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு அளவுதான். அழுத்தினால் நகரவில்லை. வலிக்கவும் இல்லை.

வலிக்கவில்லை என்பதுதான் அவளை நடுங்க வைத்தது. அவளுடைய அம்மாவுக்கும் முதலில் வலிக்கவில்லை.

அம்மா ஹெலேனா நாற்பத்தேழாவது வயதில் இதே ஊரில் செத்துப்போனாள். நான்கு வருடம் யாரிடமும் சொல்லாமல் மார்பில் முட்டைக்கோஸ் இலை வைத்துத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். கடைசி வருடம் அந்தத் துணிகளைத் துவைத்தது பத்தொன்பது வயது ஏர்னா. இறுதிச் சடங்கில் பிரசங்கம் செய்த பெரியவர், நம் சகோதரி ஒருநாள்கூட முணுமுணுக்கவில்லை, பொறுமையாய்ச் சிலுவையைச் சுமந்தாள் என்றார். சபையே கண்ணீர் விட்டது. இருபத்தேழு வருடம் கழித்தும் அங்கே யாராவது நோயில் படுத்தால், ஹெலேனாவின் பொறுமையைத்தான் உதாரணம் காட்டுவார்கள். அப்படிக் காட்டும்போது ஏர்னாவைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவளும் தலையசைப்பாள். அந்தத் துணிகளின் வாடை அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது அவளுக்கு நாற்பத்தாறு.

கல்யாணம் முடியட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நானூறு பேருக்குச் சாப்பாடு. ஜெர்மனியிலிருந்து மகன்கள் இருவரும் குடும்பத்தோடு வருகிறார்கள். அந்த நேரத்தில் வீட்டில் இப்படி ஒரு சொல்லை யார் வாய்விட்டுச் சொல்வது? பெண் மணமேடையில் நிற்கும்போது எல்லோரும் அம்மாவின் மார்பையா பார்த்துக்கொண்டிருப்பார்கள்? ஐந்து வாரம்தானே. ஜெபம் பண்ணினால் கரைந்தும் போகலாம். இரண்டு புதன்கிழமைகள் உபவாசம் இருந்தாள். கரையவில்லை.

மறுநாள் ஞாயிறு காலை வழக்கம்போல அவள் கணவன் யாகோவ் சமையலறைச் சுவரிலிருந்த நாள்காட்டியின் தாளைக் கிழித்தான். சபையில் எல்லா வீட்டிலும் அதே நாள்காட்டிதான். நாளுக்கு ஒரு தாள், முன்பக்கம் வசனம், பின்பக்கம் சின்னதாய்த் தியானம், சுற்றிலும் மெல்லிய சிவப்புக் கோடு. அவன் அதைக் கிழித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முன்னும் பின்னும் சத்தமாக வாசித்து முடிக்காமல் அந்த வீட்டில் யாரும் ரொட்டியைத் தொட்டதில்லை. பசுமைக்குடில்களுக்கு இரும்புச் சட்டம் அடித்துக் கொடுக்கிற வெல்டர் அவன். சபையில் உதவி ஊழியன். ஆராதனையில் ஜெபச் சீட்டுகளை வாசிப்பது அவன் வேலை.

அந்தச் சபையின் பழக்கம் அது. ஜெபம் வேண்டுகிறவர்கள் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி முன்வரிசைக்கு அனுப்புவார்கள். கைமாறிக் கைமாறிப் பிரசங்க மேடைக்குப் போய்ச் சேரும். பெரும்பாலும் 'ஒரு தேவைக்காக' என்று மட்டும்தான் எழுதுவார்கள். கர்த்தருக்குத் தெரியும் என்று விட்டுவிடுவார்கள். யாகோவ் ஒரு வார்த்தை கூட்டமாட்டான், ஒரு வார்த்தை குறைக்கமாட்டான். எழுத்துப் பிழை இருந்தால் பிழையோடு வாசிப்பான் என்று கேலி செய்வார்கள்.

அவன் வண்டியை வெளியே எடுக்கப் போனபோது ஏர்னா சமையலறையில் தனியாக நின்றாள். தன்னுடைய கட்டம் போட்ட நோட்டை எடுத்தாள், கீழே வைத்துவிட்டாள். அவளுடைய ஊறுகாய்க் குறிப்புகளுக்காக அந்த நோட்டு சபையில் பாதி வீடுகளுக்குப் போய்வந்திருக்கிறது. அந்தக் கட்டத்தையும் ஊதா மையையும் தெரியாத பெண் கிடையாது. அப்புறம்தான் நாள்காட்டி கண்ணில் பட்டது. எல்லார் வீட்டிலும் இருக்கிற காகிதம். அதைப் பார்த்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. மேலே இருந்த தாளின் அடியில் இரண்டு விரல் அகலம் வெறுமையாக இருந்தது. அதை மட்டும் கிழித்துக்கொண்டாள். இடது கையால் பெரிய பெரிய எழுத்தாக எழுதினாள்.

'ஒரு தேவைக்காக' என்று எழுதத்தான் நினைத்தாள். ஆனால் வந்தது வேறு. ஒரு தாய்க்காக ஜெபியுங்கள். மார்பில் கட்டி இருக்கிறது. பயமாக இருக்கிறது.

அடிக்கவோ மாற்றவோ நேரமில்லை. வெளியே வண்டி உறுமியது. மடித்துக் கையுறைக்குள் செருகிக்கொண்டாள்.

இரண்டாவது பாட்டு முடிந்ததும் சீட்டுகள் நகரத் தொடங்கின. ஏர்னா தன்னுடையதை, பின்னாலிருந்து வந்த வேறு இரண்டு சீட்டுகளோடு சேர்த்து முன்னால் தள்ளிவிட்டாள். அது போவதைப் பார்க்கக்கூடாது என்று மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாகோவ் ஒவ்வொன்றாக வாசித்தான். வேலைக்காக, பள்ளித் தேர்வுக்காக, ரஷ்யாவுக்குப் போன மகனுக்காக. பிறகு ஒரு கணம் நிறுத்தினான். அந்த மேடையிலிருந்து மார்பு என்ற வார்த்தையை யாரும் கேட்டதில்லை. அவன் காது மடல்கள் சிவந்ததைப் பெண்கள் பக்கத்திலிருந்து எல்லோரும் பார்த்தார்கள். ஆனாலும் எழுதியிருந்தபடியே வாசித்தான். கடைசி இரண்டு வார்த்தை வரைக்கும்.

எல்லோரும் முழங்கால் போட்டார்கள். யாரோ ஒரு பெண் தேம்பினாள். ஏர்னாவுக்கு ஜெபம் வரவில்லை. வேதாகமத்தில், நோய் தீரக் கூட்டத்துக்குள் புகுந்து ஆண்டவருடைய அங்கியைப் பின்னாலிருந்து தொட்ட பெண்தான் நினைவுக்கு வந்தாள். சிறு வயதிலிருந்தே அந்தக் கதை அவளுக்குப் பிடிக்காது. சுகமானதும் அவளை அப்படியே போகவிட்டிருக்கலாம். என்னைத் தொட்டது யார் என்று கேட்டு, அத்தனை ஆண்களுக்கு நடுவில் அவள் வாயாலேயே சொல்ல வைத்திருக்க வேண்டாம்.

ஆராதனைக்குப் பிறகு சபைச் சமையலறையில் நூடுல்ஸ் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. பேச்சும் கொதித்தது. மூன்று குழந்தைக்காரியான சின்னப் பெண் நெல்லி மாவு உருட்டிக்கொண்டே, சீட்டு எழுதியது யார் என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டாள் போலிருந்தது. அல்மா அக்கா போன மாதத்திலிருந்து இளைத்துப்போய்விட்டாள், அவளாகத்தான் இருக்கும் என்றாள். இன்னொருத்தி, இல்லை, பாலத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரிதான், முழங்காலிலிருந்து எழுந்திருக்கும்போது அழுதிருந்தாளே என்றாள். ஏர்னா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வருவதற்கு அதைவிட நல்ல வேலை கிடையாது.

"கண்டுபிடிச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று அடுப்பின் பக்கமிருந்து சைரகுல் கேட்டாள். கிர்கிஸ் பெண்மணி, ஐம்பத்தெட்டு வயது, விதவை. மதம் மாறி ஞானஸ்நானம் எடுத்த நாளில் புருஷனின் சொந்தங்கள் வாசலில் நின்று கத்தியபோதுகூட, உள்ளே வந்து டீ குடித்துவிட்டுக் கத்துங்கள் என்று சொன்னவள். "அவ பேரைக் கண்டுபிடிச்சா கட்டி கரைஞ்சிடுமா?"

"ஜெபம் பண்றதுக்குத்தான் அக்கா," என்றாள் நெல்லி.

"கர்த்தருக்கு முகவரி வேணுமா? நீ சொல்லித்தான் அவர் வீடு கண்டுபிடிக்கணுமாக்கும். மாவை உருட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். ஏர்னாவும் சிரித்தாள். கத்தி விரலில் பட்டுவிட்டது.

திங்கள் காலை யாகோவ் நாள்காட்டித் தாளைக் கிழித்தான். கண்ணாடியை மாட்டினான். கொஞ்ச நேரம் வாசிக்கவில்லை. ஏர்னா கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்ததால் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தியானம் நீளமோ என்று நினைத்தாள். பிறகு வழக்கமான குரலில் முன்னும் பின்னும் வாசித்து முடித்தான். வாசித்த தாள்களைப் போடுவதற்கென்று அலமாரியில் ஒரு தகரப் பெட்டி உண்டு. அன்று அதில் போடாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனான். ஏதோ பிடித்த வசனம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

அந்த வாரம் பயத்துக்கு ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. காலையில் கண் விழித்ததும் இரண்டு நொடி நிம்மதி. அப்புறம் ஞாபகம் வரும். பகலில் வேலை. பொருட்களை எடுக்க இடது கையை நீட்டும்போதெல்லாம் ஒரு சிலிர்ப்பு. படுக்கையில் யாகோவ் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்தாள். அவன் தோளில் கை வைத்தால் தூங்குவதுபோல் மூச்சு விட்டாள். அவன் கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தான். முன்பெல்லாம் அடுத்த நிமிடம் குறட்டை கேட்கும். இந்த வாரம் கேட்கவில்லை. அதைக்கூட அவள் யோசிக்கவில்லை. தன்னுடைய பயத்தைத் தாண்டி எதுவும் அவள் காதில் விழவில்லை.

வியாழக்கிழமை சகோதரிகள் கூட்டத்தில் பாட்டு முடிந்ததும் சைரகுல் எழுந்து நின்றாள். வழக்கமாக எழுந்து பேசுகிறவள் அல்ல. அடுத்த செவ்வாய்க்கிழமை சபையின் வேன் தலைநகர் பிஷ்கெக் போகிறது, மார்புச் சோதனைக்கு, நாற்பது தாண்டின எல்லோரும் ஏற வேண்டும் என்றாள். மருத்துவமனையில் சொல்லியாகிவிட்டது. யாகோவ் ஓட்டுகிறார்.

சலசலப்பு எழுந்தது. எதற்கு எல்லோரும் என்று ஒருத்தி கேட்டாள். பீட்ரூட் அறுவடை நேரம் என்றாள் இன்னொருத்தி. ஒன்றுமில்லாத இடத்தில் போய்த் தோண்டினால் ஏதாவது வந்துவிடும் என்று அல்மா முணுமுணுத்தாள்.

"அந்தச் சீட்டை எழுதினது நான்தான்னு வெச்சுக்கோங்க," என்றாள் சைரகுல். "நீ எழுதினதா வெச்சுக்கோ அல்மா. அவ எழுதினதா வெச்சுக்கோ. ஒருத்தி மட்டும் வேன்ல ஏறினா, ஊரே அவ நெஞ்சைத்தான் பாக்கும். ஒன்பது பேர் ஏறினா யாரைப் பாக்கும்? இந்த உடம்பு தேவனுடைய ஆலயம்னு ஞாயித்துக்கிழமை பாடறோம். கூரை ஒழுகுதான்னு ஏறிப் பாத்தா மட்டும் விசுவாசம் குறைஞ்சிடுமா?"

வரமாட்டேன் என்று சொன்னால் அதுவே ஏர்னாவைக் காட்டிக்கொடுத்துவிடும். வருகிறேன் என்று தலையாட்டினாள். கதவு திறந்ததுபோலவும் இருந்தது, பின்னாலிருந்து யாரோ தள்ளியதுபோலவும் இருந்தது.

செவ்வாய் அன்று ஒன்பது தலைத்துணிகள் வேனில் ஏறின. மலைகளின் மேல் புதுப்பனி விழுந்திருந்தது. வழி நெடுக நெல்லியைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். நாற்பதுக்கு இன்னும் பத்து வருடம் இருந்தும் அவள், வேடிக்கை பார்க்கவாவது வருகிறேன் என்று அழுதாளாம். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஏர்னா கண்ணாடியில் யாகோவின் கண்களை ஒருமுறை பார்த்தாள். அவன் உடனே சாலைக்குத் திரும்பிவிட்டான்.

மருத்துவமனையின் நடைக்கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பெயர் எழுதிக்கொள்ள வந்த தாதி, ஒரே மாதிரித் துணி கட்டிய ஒன்பது பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, எல்லோரும் ஒரே குடும்பமா என்று கேட்டாள்.

"ஆமா," என்றாள் சைரகுல். "அப்பா ஒருத்தர்தான். அம்மாதான் வேற வேற."

சிரிப்பு அடங்குவதற்குள் முதல் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருத்தியும் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தாள். அல்மா வெளியே வந்தபோது முகமே மாறியிருந்தது. ஒன்றுமில்லையாம், இளைத்தது நல்லதாம் என்று சொல்லிக்கொண்டு பையிலிருந்து பொரித்த ரொட்டித் துண்டுகளை எல்லோருக்கும் கொடுத்தாள். ஏர்னா ஒன்றை வாயில் போட்டாள். விழுங்க முடியவில்லை. கன்னத்துக்குள் ஒதுக்கிவைத்துக்கொண்டாள். அவள் பெயரைக் கூப்பிட்டபோதும் அது அங்கேயே இருந்தது.

மருத்துவர் குட்டை முடி வெட்டிய பெண். ஜில்லென்ற பசையைத் தடவிக் கருவியை நகர்த்தினாள். நகர்ந்துகொண்டிருந்தது நின்றது. மறுபடி அதே இடத்தில் அழுத்தியது. ஏர்னா பக்கம் கொஞ்சம் திரும்பியிருந்த திரையை மருத்துவர் மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த ஒரு அசைவில் ஏர்னாவுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. கூரையில் ஒரு விளக்கு எரியாமல் இருந்தது. அதையே பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

"நாலு வாரத்துக்கு மேல."

"ஏன் உடனே வரல?"

"பொண்ணு கல்யாணம்."

"இங்க வர்ற எல்லாருக்கும் ஒரு கல்யாணம் இருக்கு," என்றாள் மருத்துவர். கோபமாகச் சொல்லவில்லை. "இல்லன்னா அறுவடை. வீட்ல வேற யாருக்காவது இருந்துச்சா?"

"அம்மாவுக்கு."

"என்ன வைத்தியம் பண்ணினாங்க?"

ஏர்னா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். முட்டைக்கோஸ் இலை என்று சொல்ல வரவில்லை. "பொறுமையா இருந்தாங்க," என்றாள்.

மருத்துவர் அவள் கையை ஒருமுறை பிடித்துவிட்டு, சோதனைக்குச் சதைத் துணுக்கு எடுக்கும் ஊசிக்குச் சொன்னாள். ஊசி உள்ளே போய் வந்தது. சொடுக்குப் போட்டது மாதிரி ஒரு சத்தம். மூன்று முறை. ஒரு வாரத்தில் முடிவு தெரியும்.

மற்றவர்களுக்கு ஐந்து நிமிடம். அவளுக்கு முக்கால் மணி நேரம். கதவுக்கு வெளியே எட்டுப் பேர் அதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று தெரியும். கைப்பிடியில் கை வைத்தபடி உள்ளேயே நின்றாள். பிறகு திறந்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து, வெள்ளரிக்காய் ஊறுகாய்க்கு எத்தனை பூண்டு என்று மும்முரமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். சைரகுல் நான்கு என்றாள். அவள் வீட்டில் ஊறுகாயே போடமாட்டாள்.

படிக்கட்டின் பக்கம் யாகோவ் நின்றிருந்தான். ஆண்கள் மேலே வரக்கூடாது, எப்படியோ வந்திருந்தான். தொப்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தபடியே அவனிடம் போனாள். இயந்திரம் பழுது, வரிசை, ரத்த அழுத்தம். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். போன வாரத்துத் திங்கட்கிழமை. சிவப்புக் கோடு மூன்று பக்கம்தான் இருந்தது. அடியில் கிழிசல்.

ஏர்னா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"கிழிச்ச உடனே தெரிஞ்சுபோச்சு," என்றான். "முந்தின நாள் கையில வெச்சிருந்த துண்டு. நாலாவது கோடு அதுல இருந்துச்சு."

"எட்டு நாளா தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் கேக்கல?"

அவன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கேட்டா இல்லன்னு சொல்லுவ. நானும் சரின்னு விட்டுடுவேன் ஏர்னா. விட்டுடணும்னுதான் எனக்கும் ஆசையா இருந்துச்சு. அதுதான் எனக்குப் பயமாப் போச்சு. சைரகுல் அக்காகிட்ட போனேன். உன் பேரைச் சொல்லல. வண்டி நான் ஓட்டறேன், எல்லாரையும் ஏத்துங்கன்னு மட்டும் கேட்டுக்கிட்டேன். ஒருத்தியைக் கூப்பிட்டா வரமாட்டா, எல்லாரையும் கூப்பிட்டா வெக்கப்பட்டுக்கிட்டாவது வருவான்னு."

கன்னத்தில் ஒதுக்கியிருந்த ரொட்டியை ஏர்னா அப்போதுதான் விழுங்கினாள். ஊறிக் களியாகி இறங்கியது. கூடவே வேறொன்று மேலே வந்தது.

"எங்கம்மா பொறுமையா எல்லாம் இல்ல," என்றாள். "கடைசி மாசம் துண்டைக் கடிச்சுக்கிட்டுக் கத்துவாங்க. நான்தான் கதவைச் சாத்துவேன். வலிக்குதுன்னு யார்கிட்டயும் சொல்லிடாதன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டாங்க. நானும் சொல்லல. இன்னிக்கு வரைக்கும் சொல்லல."

யாகோவ் அந்த இறுதிச் சடங்கில் பாடகர் குழுவில் நின்று பாடியவன். அப்போது அவனுக்கு இருபத்தொரு வயது. அந்தப் பொறுமையைக் கேட்டுத்தான் அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டவேண்டும் என்று முடிவு செய்ததாகப் பலமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறான். இப்போது அவள் தோள்மேல் கையைப் போட்டான். இடது பக்கம் படாமல், கவனமாக.

"கீழ போலாம்," என்றான். "வண்டிய நடைபாதையில ஏத்தி நிறுத்திட்டு வந்திருக்கேன்."

ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. புற்றுதான். சின்னது. சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்றாள் மருத்துவர். எவ்வளவு சீக்கிரம் என்பதை அறுத்துப் பார்த்தபிறகுதான் சொல்ல முடியும் என்றாள். அடுத்த செவ்வாய்க்கிழமை அறுவைக்குத் தேதி கொடுத்தாள். கல்யாணத்துக்குப் பதினோரு நாள் முன்னால். கல்யாணத்தைத் தள்ளிவைத்துவிடலாம் என்று ரெகினா அழுதாள். அம்மாவால் நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்து பார்க்கட்டும் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். ஜெர்மனியிலிருந்து மகன்கள் ஒருநாளைக்கு நான்கு தடவை கூப்பிட்டு, கேட்டதையே கேட்டார்கள்.

சனிக்கிழமை குளியல் வீட்டில் கல் பழுக்கக் காய்ந்திருக்கும்போதே ஏர்னா உள்ளே போனாள். ரெகினா பலகையில் இடம் விட்டு உட்கார்ந்தாள். இருவரும் கொஞ்ச நேரம் வேர்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கல்லையே பார்த்தாள். ஏர்னா அவள் கையை எடுத்துத் தன் இடது மார்பின் ஓரத்தில் வைத்தாள்.

"இங்கதான். அழுத்திப் பாரு. இப்படித்தான் இருக்கும்."

ரெகினாவின் விரல்கள் ஈரத்தில் தேடின. பிறகு கண்டுபிடித்தன.

"இவ்வளவுதானாம்மா?"

"இவ்வளவுதான். மாசம் ஒருநாள் உனக்கு நீ பாக்கணும். ஏதாவது பட்டா அன்னிக்கே எனக்குப் போன் பண்ணணும். கல்யாணம், பிரசவம், எது நடந்தாலும்."

ரெகினா தலையை ஆட்டினாள். அம்மாவைத் திரும்பச் சொல்லி, முதுகைத் தேய்த்துவிட்டாள். தோல் எரிகிற அளவுக்கு, சின்ன வயதில் தேய்த்ததுபோல, நெடுநேரம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏர்னா கட்டம் போட்ட நோட்டிலிருந்து ஒரு முழுத் தாளைக் கிழித்தாள். ஊதா மையில், வலது கையால் எழுதினாள். ஏர்னாவுக்காக ஜெபியுங்கள். செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை. பயமாக இருக்கிறது.

இரண்டாவது பாட்டு முடிந்ததும் அதை தனக்கு முந்தின வரிசையில் இருந்த நெல்லியின் தோளைத் தட்டி நீட்டினாள். நெல்லி மையைப் பார்த்தாள், கட்டத்தைப் பார்த்தாள், திரும்பி ஏர்னாவைப் பார்த்தாள். வாய் திறந்தது. பிறகு தாளை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் கொடுத்தாள். அது வரிசை வரிசையாகப் போவதை இந்த முறை ஏர்னா கண்ணெடுக்காமல் பார்த்தாள். எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. பக்கத்தில் சைரகுலின் பருத்த முழங்கை அவள் முழங்கையோடு ஒட்டியிருந்தது.

மேடையில் யாகோவ் சீட்டுகளை வாசித்துக்கொண்டே வந்தான். வேலைக்காக. விசாவுக்காக. அடுத்த தாளை விரித்ததும் நிறுத்தினான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினான்.

"ஏர்னாவுக்காக ஜெபியுங்கள்," என்று வாசித்தான். "செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை."

பிறகு, இத்தனை வருடத்தில் எந்தச் சீட்டிலும் ஒரு வார்த்தை கூட்டியிராதவன், தாளிலிருந்து தலையைத் தூக்கி ஏர்னாவைப் பார்த்துச் சொன்னான்.

"எங்களுக்குப் பயமாக இருக்கிறது."

பெஞ்சுகள் நகர்ந்தன. ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் ஒன்றாக முழங்கால் போடுகிற சத்தம் கேட்டது.